ஆதிலிங்கத்தின் இரண்டாவது வாய்

ஆதிலிங்கத்தின் வயிற்றுக் காயம் முதன்முதலாக வாய் திறந்து பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நர்ஸ் சுயம்புக்கனி கட்டைப் பிரித்துப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது. சிவலைத்தேரியில் யாரும் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனுஷன் வாலிபத்திலிருந்து இத்தனை கொலையை வயிற்றுக்குள் போட்டு மூடி வைத்திருந்தால், மதுரையில் ஒரு டாக்டரம்மா கத்தி வைத்து அந்த வயிற்றைத் திறந்த பிறகு அது எப்படிச் சும்மா இருக்கும் என்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு தாமதமாக வாயைத் திறந்ததுதான் ஆச்சரியம் என்றும் சிலர் சொன்னார்கள்.

ஆதிலிங்கம் யார் என்று அந்தப் பக்கத்தில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தேரி என்பது செம்மணல் மேடு. காற்று தள்ளுகிற திசைக்கெல்லாம் நகரும், ஆனியில் மேடாக இருந்தது ஆவணியில் பள்ளமாகக் கிடக்கும், நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. அந்த மணலை லாரி லாரியாக அள்ளி விற்றவன் ஆதிலிங்கம். அள்ளாதே என்று குறுக்கே நின்றவர்கள், பங்கு கேட்டவர்கள், பங்கைக் கூட்டிக் கேட்டவர்கள், சும்மா முறைத்தவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேரிக்குள் போனார்கள், திரும்பி வரவில்லை. போலீஸ் தோண்டிய குழியை அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காற்று மூடிவிடும். பிணம் இல்லை, அதனால் வழக்கும் இல்லை. அவன் தெருவில் வந்தால் பெரியவர்கள்கூட "அண்ணாச்சி" என்று துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள்.

வழக்கு இல்லாததைக்கூட அந்த ஊர் பொறுத்துக்கொண்டது. பீடம் இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தச் சீமையில் வெட்டுப்பட்டுச் செத்தவன் சாமியாகிவிடுவான். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இடுப்பளவு ஒரு பீடம் கட்டி, பக்கத்தில் அரிவாள் நட்டு, வருஷத்துக்கு ஒரு கொடை கொடுத்தால் அவன் குடும்பத்தைக் காப்பான். கொடுக்காவிட்டால் பசியோடு வாசலில் நிற்பான், பிள்ளைக்குக் காய்ச்சலாக வருவான், மாட்டுக்குக் கழிச்சலாக வருவான். பீடம் கட்டுவதற்கு அவன் ரத்தம் விழுந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் வேண்டும். அந்தப் பிடிமண் இல்லாமல் கட்டினால் அது வெறும் செங்கல், காக்கை உட்காரும், அவ்வளவுதான். அதனால் சிவலைத்தேரியில் பல வீட்டு முற்றங்களில் செங்கல் அடுக்கி வைத்தது வைத்தபடி, மண்ணுக்காகக் காத்துக் கிடந்தது.

சுயம்புக்கனியின் வீட்டிலும் கிடந்தது. அவள் அண்ணன் தங்கப்பழம் ஒரு நாள் மணல் லாரியின் முன்னால் சைக்கிளைக் குறுக்கே போட்டு நின்றான். மறுநாள் தேரிக்குள் பனங்காய் பொறுக்கப் போனவன், போனவன்தான். அவள் அம்மா சொர்ணத்தாய் அன்றிலிருந்து அந்தச் செங்கல் அடுக்கில் சாய்ந்துதான் உட்காருவாள், வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழுவி விடுவாள், சோற்றில் முதல் கவளத்தை அதன்மேல் வைப்பாள். சுயம்புக்கனி படித்து நர்ஸாகி, சொந்த ஊரின் துணை சுகாதார நிலையத்துக்கே வேலைக்கு வந்தாள். ஆதிலிங்கம் சாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. அவனுக்கு இரைப்பையில் புற்று என்று கேள்விப்பட்ட அன்று தனக்குத்தானே ஒரு லட்டு வாங்கித் தின்றாள்.

புற்று முற்றுவதற்குக் காரணம் அவனுடைய பயம். ஊரில் பாதிப் பேரை வெட்டியவன், கத்திக்குப் பயந்தான். "கத்தி பட்டா பரவிரும்" என்று சொல்லிச் சொல்லியே வேரும் தழையுமாக அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். கஞ்சிகூட இறங்காமல் வாந்தியெடுத்து, கன்னம் ஒட்டி, கறுப்பாக வெளிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவன் மனைவி வள்ளித்தாய் அழுது அடம்பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் நஸ்ரீன், கத்தியினால் எதுவும் பரவாது, எடுக்காமல் விட்டால்தான் பரவும் என்று சொல்லி, பீடியை உடனே நிறுத்தச் சொன்னாள். அவன் நிறுத்தியதாகச் சொல்லிவிட்டு கக்கூஸில் போய்க் குடித்தான். இரைப்பையில் பெரும்பங்கையும் சுற்றியிருந்த நெறிக்கட்டிகளையும் வெட்டியெடுத்து, நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரைக்கும் தைத்து, ஊருக்கு அனுப்பினார்கள்.

அனுப்பிய அன்றே டாக்டர் சுயம்புக்கனிக்குப் போன் செய்தாள்.

"சிஸ்டர், ஆபரேஷன் நல்லா முடிஞ்சது. கட்டியை சுத்தமா எடுத்தாச்சு. இனிமே இவரைக் கொல்றதுக்குக் கேன்சர் வேணாம், சளி போதும். படுக்கவே விடாதீங்க, நடக்க வைங்க. படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் உறைஞ்சு நெஞ்சுக்கு ஏறிடும். மூச்சுப் பயிற்சிக்குக் குடுத்த அந்த மூணு பந்து டப்பாவை மணிக்கொரு தரம் இழுக்கச் சொல்லுங்க. இருமல் வந்தா தலகாணியை வயித்தோட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருமணும். கை கழுவாம யாரும் கிட்டப் போகக் கூடாது. கூட்டம் சேர விடாதீங்க."

"சரி மேடம்" என்றாள் சுயம்புக்கனி. ஊரில் வேறு நர்ஸ் கிடையாது. அவனைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்; சொல்ல வாய் வரவில்லை. கிட்டத்தில் இருந்து அவன் அழுகுவதைப் பார்க்கலாம் என்றும் மனசின் ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் தலையணையைப் பிடிக்காமல் இருமினான். மேலாக இருந்த ஒரு தையல் பட்டென்று தெறித்தது. விரல் நுழைகிற அகலத்துக்குக் காயம் விரிந்தது, அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது ஆதிலிங்கத்தின் குரல் இல்லை. பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயர் சொல்வது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"பால்சாமி. கள்ளியோடை, வடகரை, பட்டுப்போன பனை மூடு. வெட்டையில கால் பிடிச்சது முத்துப்பழம்."

ஆதிலிங்கம் கையால் காயத்தைப் பொத்தினான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வள்ளித்தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "வயிறு பேசுதே, வாயுவா இருக்குமோ? ஓமத்தண்ணி குடுக்கலாமா யக்கா?" என்று கேட்டாள். சுயம்புக்கனி அவன் கையை விலக்கி, உப்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினாள். ஜன்னலில் முருங்கைக்கீரை பறிக்க வந்தவள் ஒருத்தி நின்றிருந்தாள்; அது போதும், உச்சிப்பொழுதுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பால்சாமியின் மகன்கள் பட்டுப்போன பனையின் மூட்டில் தோண்டினார்கள். எலும்பும், அந்த எலும்பின் இடுப்பில் கறுத்துப்போன வெள்ளி அரைஞாணும் கிடைத்தன. அவன் பெண்சாதி மஞ்சள் துணியில் ஒரு பிடி மண் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மாரில் அடித்து அழுதுகொண்டு தெரு வழியாக வந்தாள், அந்தச் செங்கல் எழுந்து பீடமாயிற்று, சுண்ணாம்பு காய்வதற்குள் மகன்கள் இரண்டு பேரும் முத்துப்பழத்தின் வாழைத் தோட்டத்துக்குப் போனார்கள். முத்துப்பழம் தார் வெட்டிக்கொண்டிருந்தான். "மாமா, எங்கய்யா காலைப் பிடிச்சீராமே" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள். முதல் வெட்டைக் கையால் தடுத்தான், கை போயிற்று; ஓடினான், வாழைக்கட்டை தடுக்கிக் குப்புற விழுந்தான், விழுந்தவன் முதுகில் மண்வெட்டி போடுகிற மாதிரி மாறி மாறிப் போட்டார்கள். சுயம்புக்கனி கட்டுத்துணியோடு ஓடியபோது வாழையிலையில் ரத்தம் தேங்கி நின்றது, கட்டுப் போடுவதற்கு அங்கே முழுசாக எதுவும் இல்லை. முத்துப்பழத்துக்குப் பிடிமண் எடுக்க மட்டும் யாரும் சிரமப்படவில்லை.

அதற்குப் பிறகு ஆதிலிங்கம் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்கள், பஞ்சாயத்துத் தலைவர் பந்தல் போட்டுக் கொடுத்தார், நன்னாரி சர்பத்துக்காரன் தள்ளுவண்டியை நிறுத்தினான். யார் முன்னால் நிற்பது என்பதில் சண்டை வந்தது. வீட்டு ஆள் செத்து ரொம்ப நாளானவர்கள் முன்னால் நிற்கட்டும் என்றது ஒரு கட்சி, துக்கம் அதிகமாக இருப்பவர்கள் நிற்கட்டும் என்றது இன்னொரு கட்சி, துக்கத்தை எப்படி அளப்பது என்பதில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கி, "காயம் குடுக்கிற வாக்குமூலத்துல கையெழுத்து யாருய்யா போடுவா?" என்று சத்தம் போட்டார். கோர்ட்டில் செல்லாது என்றார். அப்புறம் யாரும் பார்க்காத நேரமாகக் காயத்தின் பக்கம் குனிந்து, காணாமல்போன தன் மைத்துனனின் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை, கோபமாகப் போய்விட்டார்.

கேட்டால் காயம் பேசாது. அவன் இருமினால்தான் பேசும், ஒரு இருமலுக்கு ஒரு பெயர். அதுவும் யாருடைய பெயர் என்பது அதன் இஷ்டம். இதைக் கண்டுகொண்ட ஊர் பொறுமையாக இருக்குமா? மிளகாய் வற்றலைக் கரண்டி நெருப்பில் போட்டு ஜன்னலுக்கு வெளியே பிடித்தார்கள். கமறல் உள்ளே போகும், அவன் இருமுவான், தையல் இழுபடும், ஒரு பெயர் வெளியே விழும். வெளியே ஒரு வீட்டில் குலவை போடுவார்கள். இன்னொரு வீட்டில், கால் பிடித்தவன் வீட்டில், கதவைச் சாத்திவிட்டு அரிவாளைத் தீட்டுவார்கள். பெயர் சொல்லப்பட்டவனைக் கிணற்றடியில் வெட்டினார்கள், பஸ் படிக்கட்டில் வெட்டினார்கள், கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறும்போது வெட்டினார்கள். வெட்டியவனைத் திரும்ப வெட்டினார்கள். ஒருகாலத்தில் ஆதிலிங்கத்துக்குப் பின்னால் நடந்த தடியன்கள், தங்கள் பெயர் வருவதற்கு முன்னால் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பஸ் ஏறினார்கள். தேரியில் வரிசையாகப் பீடங்கள் எழுந்தன, வெள்ளைச் சுண்ணாம்பும் சிவப்புத் துணியுமாக, அதற்குச் சமமாகச் சுடுகாட்டில் புகையும் எழுந்தது. இத்தனை வருஷம் ஒருவன் செய்துவந்த வேலையை இப்போது ஊரே பங்கு போட்டுக்கொண்டு செய்தது.

சுயம்புக்கனி தினமும் வந்து கை கழுவி, கட்டுப் பிரித்து, கழுவி, கட்டினாள். காயத்தின் ஓரம் சிவந்தது, பிறகு சீழ் வைத்தது, பிறகு அழுகிய முட்டை நாற்றம் எடுத்தது. காய்ச்சல் ஏறியது. அவள் ஜன்னலை அடைத்தாள், கூட்டத்தை வைதாள், மிளகாய்க் கரண்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். வேறு கரண்டி வந்தது.

ஒரு காலையில் வாசலில் யார் முந்துவது என்று அடிதடி நடந்துகொண்டிருக்க, அறைக்குள் அவளும் அவனும் மட்டும் இருந்தார்கள். காயம் கட்டில்லாமல் திறந்து கிடந்தது. அவள் முகத்தை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய், நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு, "தங்கப்பழம்" என்று மெதுவாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே தெரிந்தது.

ஆதிலிங்கம் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இருமட்டுமா பிள்ள?" என்றான். "ஒரே ஒரு இருமல். மொளவாச் செலவு இல்லாம தெரிஞ்சிக்கிடலாம்லா."

ஊரில் எல்லாரும் சொல்கிற அந்த அண்ணாச்சி என்ற சொல் மட்டும் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. தலையணையை எடுத்து அவன் வயிற்றில் வைத்து, அவன் கையைத் தூக்கி அதன்மேல் அழுத்தினாள்.

"புண்ணுட்ட நான் கேக்க மாட்டேன்" என்றாள். "வெட்டுனது நீரு. உம்ம வாயால சொல்லணும். அதுக்கு நீரு உசுரோட கெடக்கணும்."

"நான் சொல்ல மாட்டனே."

"பொறவு எதுக்கு இந்த உசுரு? பந்தை இழும்."

அவன் சிரித்தான். சிரிப்பில் இன்னொரு தையல் இழுபட்டது. அவன் மூன்று பந்து டப்பாவை வாயில் வைத்து இழுத்தபோது ஒரு பந்துதான் பாதி எழுந்தது.

அவள் மதுரைக்குப் போன் செய்தாள். டாக்டர் நஸ்ரீன் காய்ச்சலையும் நாற்றத்தையும் கேட்டுவிட்டு, "உடனே கொண்டுவாங்க சிஸ்டர். உள்ள தையல் விட்டா குடல் வெளிய வந்துடும். வந்தா உள்ள தள்ளாதீங்க, சுத்தமான துணியை உப்புத் தண்ணில நனைச்சு மூடி, அப்படியே வண்டில ஏத்துங்க" என்றாள். நூற்றியெட்டு வண்டி ஊர் எல்லைக்கு வந்தது. ஊர் எல்லையில் பனந்தடியைக் குறுக்கே போட்டு ஆட்கள் நின்றார்கள். எல்லாப் பெயரும் வந்தபிறகு எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள் என்றார்கள். கெஞ்சிப் பார்க்க அவளே எல்லைக்குப் போனாள். அவள் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு கரண்டியாகப் பிடித்தால் மாதக்கணக்காகும் என்று யாரோ யோசனை சொல்லி, ஒரு சாக்கு வற்றலைக் கொண்டுவந்து, வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் தீ மூட்டிக் கொட்டினார்கள்.

அவள் திரும்பி ஓடிவரும்போது தெருவே கமறிக்கொண்டிருந்தது. ஆண்கள் ஈரத்துண்டை மூக்கில் கட்டி, கையில் அரிவாளோடு ஜன்னலில் அப்பிக் கிடந்தார்கள். பெயர் வந்ததும் ஓட வேண்டுமே. கூட்டத்தின் முன்னால், கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் ஊற்ற நின்றவள் அவளுடைய அம்மா. இத்தனை நாளும் செங்கல்லை விட்டு எழுந்திருக்காதவள் அன்றைக்கு எழுந்து வந்திருந்தாள்.

உள்ளே ஆதிலிங்கம் கட்டிலில் வில்லாக வளைந்து இருமிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இருமலுக்கும் தையல்கள் வேலியில் முள் பிடுங்குவது மாதிரித் தெறித்தன. வள்ளித்தாய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுருங்கய்யா, விட்டுருங்கய்யா" என்று கத்தினாள். மேலிருந்து கீழ்வரை காயம் முழுசாகப் பிளந்தது. குடல் பளபளவென்று, சூடாக, வெளியே வழிந்தது. காயம் இப்போது ஒரு பெயர் சொல்லவில்லை, எல்லாப் பெயர்களையும் ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. ஓடைகள், பனைமூடுகள், கிணறுகள், கழுத்து, தோள், கால் பிடித்தவன், வாய் பொத்தியவன், காவல் நின்றவன், சோறு கொண்டுவந்து கொடுத்தவன் என்று, திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி அலறுவது மாதிரி அலறியது. ஊரில் பெயர் வராத வீடே இருக்காது போலிருந்தது. வெளியே முதல் அரிவாள் பக்கத்தில் நின்றவன் மீதே விழுந்த சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் யாருடைய அலறல் யாருடையது என்று தெரியவில்லை.

சுயம்புக்கனி பானைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அந்த அமளியிலும் கழுவினாள். அவித்து வைத்திருந்த துணியை உப்புத் தண்ணீரில் முக்கியபோது, காயம் சொன்னது: "தங்கப்பழம்."

"அந்தா! எம்புள்ள பேரு!" என்று சொர்ணத்தாய் கதவில் அலறினாள். "ஏட்டி சுயம்பு, கேளுட்டி! எந்த எடம்னு கேளு!"

சுயம்புக்கனியின் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்தால் போதும். இடம் தெரியும், கால் பிடித்தவன் பெயரும் தெரியும். அந்தப் பெயர்க்காரன் இந்தத் தெருவில்தான் இருப்பான், தினமும் அவளை அக்கா என்று கூப்பிடுகிறவனாக, அவள் கையால் தன் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டவனாக இருப்பான், அவனைப் பொழுது சாய்வதற்குள் வெட்டிவிடுவார்கள், வெட்டுப்பட்டவனுக்கு அவள்தான் கட்டுத்துணியோடு ஓட வேண்டும். இங்கே, அவள் கைக்குக் கீழே, குடல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் நனைத்த துணியை விரித்து, குடலோடு சேர்த்து அந்த வாயை மூடி, இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்தாள். பாதியில் நின்ற வாக்கியம் துணி வழியாக ஏறி அவள் வலது உள்ளங்கையில் வந்து முட்டியது. வண்டு சிக்கிக்கொண்ட மாதிரி அங்கே துடித்தது. சத்தம் வரவில்லை.

சொர்ணத்தாய் உள்ளே வந்து மகளை அடித்தாள். முதுகில் அடித்தாள், தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், கன்னத்தில் நகத்தால் கீறினாள். "எம்புள்ளய விட இவன் குடலு ஒனக்குப் பெருசாப் போச்சா? பாவி! பாவி!" சுயம்புக்கனி கையை எடுக்கவில்லை. அழுதாள், ஆனால் எடுக்கவில்லை. வெளியே வெட்டிக்கொண்டவர்களை ஏற்றுவதற்காகத்தான் எல்லையில் பனந்தடியை நகர்த்தினார்கள். முதலில் வந்த வண்டியில் வள்ளித்தாயும் இன்னும் நாலு பேருமாக ஆதிலிங்கத்தைக் கட்டிலோடு தூக்கி ஏற்றினார்கள், அவள் கையை எடுக்காமலே கூட ஏறிக்கொண்டாள். மதுரை வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அறுவை அறை வாசலில் டாக்டர் நஸ்ரீன் வந்து, "போதும் சிஸ்டர், இனிமே நான் பாத்துக்கறேன்" என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

உள்ளே அலசிக் கழுவி, கெட்ட சதையை வெட்டி எறிந்து, இந்தத் தடவை தடித்த நூலால் ஆழமாகத் தைத்தார்கள். ஆதிலிங்கம் பிழைத்தான். காயம் அதற்குப் பிறகு பேசவில்லை.

ஊர் அவளை மன்னிக்கவில்லை. செத்தவன் பெயர் இன்னும் வராத வீட்டுக்காரர்கள் அவள் ஸ்கூட்டரைக் கொளுத்தினார்கள், சுகாதார நிலையத்தின் ஜன்னல்களைக் கல்லால் அடித்தார்கள். கால் பிடித்தவன் என்று தங்கள் பெயர் வந்துவிடுமோ என்று பயந்திருந்தவர்கள் மட்டும் இருட்டியபிறகு வாசலில் முருங்கைக்காயும் நெத்திலிக் கருவாடும் வைத்துவிட்டுப் போனார்கள், அது அவளுக்குக் கல்லெறியை விடக் கேவலமாக இருந்தது. சொர்ணத்தாய் மகள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. செங்கல்லில் சாய்ந்துகொண்டு சுவரைப் பார்த்தாள். சுயம்புக்கனியின் உள்ளங்கையில் அந்தத் துடிப்பு நிற்கவே இல்லை. சோறு பிசையும்போது துடித்தது, ஊசி போடும்போது துடித்தது. காதில் வைத்துக் கேட்டால் ஏதோ முணுமுணுப்பு, பிடிபடாது.

அவள் ஆதிலிங்கத்தை நடக்க வைத்தாள். "நடந்தா பிரிஞ்சிரும்" என்று அவன் குழந்தை மாதிரி பயந்தான். "படுத்தாத்தான் சாவீரு" என்று வயிற்றில் பெல்ட்டைக் கட்டிக் கிளப்பினாள். முதலில் அடிபம்பு வரை, பிறகு புளியமரம் வரை, பிறகு ஊரைத் தாண்டி. வழியெல்லாம் பீடங்கள். அவனைக் கண்டதும் பெண்கள் காறித் துப்பினார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒருவன் கல்லெறிந்தான், அதிலிருந்து அவள் கல் வருகிற பக்கமாக நடந்தாள். ஆதிலிங்கத்தின்மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிடவில்லை. தையல்மேல் இருந்தது. அவன் கோழிமுட்டையளவு சோற்றைப் பிரித்துப் பிரித்துத் தின்றான், பந்துகளை இழுத்தான், மூன்றாவது பந்தும் எழுந்தது. அவன் ஒவ்வொரு பீடத்திலும் கொஞ்சம் நின்று, அந்த அரிவாளைப் பார்த்துவிட்டு, மறுபடி நடப்பான்.

ஆடிக்காற்று ஓய்ந்த ஒரு நாள், திரும்புகிற இடம் வந்தும் அவன் திரும்பவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு தேரிக்குள் ஏறினான். அவளும் பின்னால் ஏறினாள். ஒற்றை உடைமுள் மரம் நின்ற சரிவில் அவன் நின்றான். பெல்ட்டின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"இங்கனதான்" என்றான்.

அவளும் அங்கேயே நின்றாள்.

"தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தான். பின்னால வந்தேன். என்னைய அவன் பாக்கல." அவன் வாய் கோணிக்கொண்டு போனது. "ரெண்டாவது வெட்டுலதான் எம்மான்னான்."

"காலு?" என்று கேட்டாள். அது அவள் குரலாகவே இல்லை. "காலை யாரு பிடிச்சா?"

உள்ளங்கையில் வண்டு புரண்டு புரண்டு அடித்தது. ஆதிலிங்கம் ஊர் இருந்த திசையைப் பார்த்தான், அங்கே ஓட்டுக்கூரைகளும் பள்ளிக்கூடக் கொடிக்கம்பமும் தெரிந்தன, அவளைப் பார்த்தான், மணலைப் பார்த்தான்.

"யாரும் பிடிக்கல. நான் ஒருத்தன்தான்."

பொய். அவன் கொலையில் கால் பிடிக்க ஆள் இல்லாமல் இருந்ததே கிடையாது, காயம் சொன்ன அத்தனையிலும் கூடவே இன்னொரு பெயர் வந்தது. பொய் என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்று அவனுக்கும் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அவன் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் யாரையும் கொல்லாதது. அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை.

அவன் மண் எடுத்துக் கொடுக்கப்போகிறவன் மாதிரி இடுப்பை மடக்கிக் குனிந்தான்.

"குனியாதேயும்" என்று அதட்டினாள். "தையல் இன்னும் ஆறல."

அவளே மண்டியிட்டாள். வெயிலுக்குக் கட்டியிருந்த தலைத்துணியை அவிழ்த்து விரித்தாள். வலது உள்ளங்கையைச் சுடுமணலில் மணிக்கட்டு வரை புதைத்தாள், அப்படியே வைத்திருந்தாள். அண்ணன் அந்தச் சைக்கிளில் அவளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது ஞாபகம் வந்தது, வாய்விட்டு அழுதாள், தேரியில் கேட்க ஆள் இல்லாததனால் நன்றாக அழுதாள். கைக்குள் இருந்த துடிப்பு மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கியது. யார் பெயரோ, அது அங்கேயே அடங்கியது. பிறகு ஒரு பிடி அள்ளி, துணியில் முடிந்து, தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆதிலிங்கம் அதே இடத்தில் நின்றிருந்தான். சரிவு முழுக்க வெயில்.

"நடயும்" என்றாள். "அம்மை காத்துக்கிட்டு இருப்பா."